மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டு

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் இளைய மகள் கல்யாணம். சித்திரை வெயிலில் மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு! சிரிக்காதீர்கள்... கேட்டது மாப்பிள்ளை வீட்டார்.

நிச்சயத்தன்றே மாப்பிள்ளையின் அத்தை கறாராகச் சொல்லிவிட்டார். "அசல் கம்பளியா இருக்கணும் மைனி. துணி ஓரத்துல என்ன துணின்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். அத வெட்டிராதிய. நாலு பேரு பாக்கணும்லா?"

எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான். ஆனால் ராஜபாளையம் மில்லில் இருபது வருஷம் நூல் தொட்ட கை இது. மதுரைக் கடையில் தடவிப் பார்த்தேன். மெத்தென்று, லேசான சொரசொரப்பு. கம்பளியேதான்! ஓரத்தை வாசிக்கச் சொல்லி இன்னொருத்தரைக் கேட்பேனா நான்?

அத்தை சொன்னதை அப்படியே செட்டியார்பட்டி டெய்லரிடம் ஒப்பித்தேன். மனிதர் எழுத்திருந்த ஓரத்தைக் கோட்டின் முன்பக்கம், கழுத்திலிருந்து இடுப்புவரை வரும்படி தைத்துவிட்டார்!

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். வந்தவர்கள் கை கொடுக்கவில்லை... குனிந்து வாசித்தார்கள். ஒரு ரிட்டையர்டு வாத்தியார் சத்தமாகவே வாசித்தார். "நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு பாலியஸ்டர், முப்பத்தஞ்சு பங்கு கம்பளி."

அத்தை பொங்கிவிட்டார். "ஏமாத்திட்டியளே மைனி! அசல் கோட்டு வராம நாளைக்குத் தாலி ஏறாது!"

மேடையில் என் மகள் முகம் வெளிறிப் போனது. எனக்கோ ரோஷம். "எழுத்து கெடக்கு. தீயில காட்டினா துணியே சொல்லும்!"

சமையல்காரரிடம் தீப்பெட்டி வாங்கினேன். கோட்டு மடிப்பில் ஒரு நூல் உருவிக் கொளுத்தினேன். முடி கருகிய வாடை குப்பென்று வந்தது. அது கம்பளி. நுனியில் கறுப்பாகக் கெட்டி உருண்டை நின்றது. அது பாலியஸ்டர். எழுத்து பொய் சொல்லவில்லை... என் கைதான் சொல்லியிருக்கிறது.

ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அத்தை மூக்கைப் பொத்தினார். "அசலா இருந்தா?"

"இதுக்கு மேலயும் நாறும் மைனி."

மாப்பிள்ளை வியர்வை சொட்டச் சொட்டச் சொன்னார். "அத்த, முப்பத்தஞ்சு பங்குக்கே மூச்சு முட்டுது. முழுக் கம்பளின்னா நாளைக்குத் தாலி கட்ட நான் இருக்க மாட்டேன்."

மண்டபமே சிரித்தது. அத்தை மூக்கிலிருந்து கையை எடுத்தார். "சரிலே, கழட்டு. மடிச்சுக் கையில போட்டுக்கோ... எழுத்து உள்பக்கமா!"

மறுநாள் தாலி ஏறியது. துணி வாங்கினால் ஓரத்தை யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள் — மாப்பிள்ளை அதைப் போடுவதற்கு முன்னால்!