செம்பு என்று எழுதியது நான்

புதுச் செம்புக்கு ஒரு வாசனை உண்டு. காசை நெடுநேரம் பொத்தி வைத்திருந்தால் விரல்களில் ஒட்டிக்கொள்ளுமே... அது. மலாயாவில் ரெங்கம் என்ற ஊருக்கு அருகே நாங்கள் இருந்த தோட்டத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த மரப்பெட்டிகளைத் திறந்தபோது வைக்கோலுக்குள்ளிருந்து அந்த வாசனைதான் வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்காக எழுதுகிறேன்.

அப்பா அந்த ரப்பர் தோட்டத்து ஆலையில் கிராணி, அதாவது எழுத்தர். ஆலைக்கு என்ன தேவையோ அதைப் பட்டியலிட்டு, துரையின் கையெழுத்து வாங்கி, சிங்கப்பூர்க் கடைக்கு அனுப்புவது அவர் வேலை. இண்டென்ட் என்பார்கள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். எத்தனை அடி, உள்விட்டம் எத்தனை அங்குலம், என்ன உலோகம், எதற்காக...

தொட்டியிலிருந்து ரப்பர் பாலை உறைய வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் இரும்புக் குழாய் துருப்பிடித்திருந்தது. உறைந்து வரும் ரப்பர் ஷீட்டுகளில் பழுப்புத் திட்டுகள். குழாயை மாற்றச் சொன்ன துரை, எந்த உலோகம் என்பதை அப்பாவிடமே விட்டுவிட்டார். அப்பா இரண்டு வாரம் விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டினார். இரும்பு வேண்டாம். ஈயம் மிருதுவானது, தொங்கிப்போகும்.

"செம்பு எண்டு எழுது பிள்ளை," என்றார் கடைசியில். "கோயில்ல தீர்த்தமே செம்பிலதான் வைக்கினம். செம்பு ஒண்டையும் கெடுக்காது."

எழுதினேன். அவர் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

குழாயைப் பொருத்திய அன்று ஆலையே கூடிவிட்டது. புகைக்கூடத்தில் ஷீட்டுகளை உலர்த்தும் அங்கமுத்து, குழாயில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"கிராணி ஐயா, இதுல ரப்பர் பால் ஊத்துறதா, இல்ல பொங்கப் பால் ஊத்துறதா?"

"உன்ர வாயில ஊத்துறன், போய் வேலையைப் பார்," என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, நாங்கள் விற்பனைக்கு அனுப்பிய ரப்பர் பெட்டிகள் திரும்பி வந்தன. உள்ளே ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெயிலில் வைத்த வெல்லம்போல் இளகிக் கிடந்தன. தொட்டால் விரல் வரவில்லை.

புகைக்கூடத்தில் சூடு மிஞ்சினால் ரப்பர் இப்படி இளகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே யாரும் வேறெங்கும் தேடவில்லை. மாதக் கடைசியில் அங்கமுத்து குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போகவேண்டும் என்றார் துரை.

அங்கமுத்து எங்கள் வாசலில் வந்து நின்றார். துண்டு இடுப்பில் இருந்தது.

"ஐயா, பதினாறு வருஷமா நெருப்போட கெடக்கிறேன். எவ்வளவு வெறகு போடணும்னு எனக்குத் தெரியாதா? மூணு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு எங்க போவேன்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா தொரை கேப்பாரு."

"சொல்லிப் பாக்கிறன்," என்றார் அப்பா.

உண்மையாகவே சொல்ல நினைத்திருந்தார் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்த வாரத் தபாலில் ரப்பர் ஆராய்ச்சி பற்றிய ஆங்கில வெளியீடு ஒன்று வந்தது. அப்பா அதில் ஒரு பக்கத்தை மீண்டும் மீண்டும் படித்தார். அவர் குளிக்கப் போனபோது நானும் படித்தேன். மிகச் சிறிதளவு செம்பு பாலில் கலந்தாலும் போதும்... ரப்பர் நாளடைவில் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

அடுத்த ஞாயிறு என்னை உட்கார வைத்தார். அதே நீளம், அதே விட்டம்.

"உலோகம், அப்பா?"

"இரும்பு. உள்ளுக்கு எனாமல் பூசினது."

"செம்பை ஏன் கழட்டுறீங்கள்?"

"கசியுது எண்டு எழுது."

"கசியேல்லையே... அப்ப அங்கமுத்து?"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். "நாங்கள் இந்த வீட்டை விட்டுப் போனால் உன்ர படிப்பு என்னாகும், பிள்ளை? எழுது."

எழுதினேன்.

மாதக் கடைசியில் அங்கமுத்து விடைபெற வந்தார். வேறு தோட்டத்தில் காட்ட அப்பா ஒரு நற்சான்றுக் கடிதம் எழுதி வைத்திருந்தார். இரண்டு பக்கம். யாருக்கும் அவர் அவ்வளவு நீளமாக எழுதியதில்லை. அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அங்கமுத்து, "ஐயா மாதிரி யாரு செய்வா?" என்றார். மனைவி தகரப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். மூன்று பிள்ளைகளும் ஸ்டேஷன் பாதையில் ஓடிப்போனார்கள், ரயிலைப் பார்க்கும் சந்தோஷத்தில்.

நான் படித்தேன். இன்று ஜொகூர் பாருவில் ஆசிரியை. அப்பா ஓய்வு பெற்று என்னோடு இருக்கிறார்.

இப்போது காலம் மாறிவிட்டது. சென்ற மாதம் சாஆ என்ற ஊரில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆலைச் சுவரில் செம்பும் பித்தளையும் உள்ளே வரக்கூடாது என்று தமிழிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். காரணம் கேட்டேன். "ரப்பர் கெட்டுப்போகும்லா, டீச்சர். இதுகூடத் தெரியாதா?" என்று சிரித்தாள் ஷீட் அடுக்கும் பெண். அன்று பதினாறு வருட நெருப்பு தெரிந்தவருக்குத் தெரியாதது, இன்று பேச்சுவாக்கில் கிடைக்கிறது.

விடுமுறை கிடைத்தால் நான் இப்படி ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போவேன். புகைக்கூடத்தில் அங்கமுத்து என்று யாராவது உண்டா என்று விசாரிப்பேன். ரப்பர் விலை சரிந்த வருடங்களில் எத்தனையோ பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்பார்கள். எதற்காகப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னதில்லை. தோழியைப் பார்க்க என்பேன். அவரும் கேட்டதில்லை.

சாஆவிலிருந்து திரும்பிய அன்று சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அங்கேயும் அவன் இல்லையோ?"

"இல்லை, அப்பா."

தலையசைத்தார். பிறகு இருவரும் சாப்பிட்டோம்.