மங்கு போகும் என்று மைக்கில் சொன்ன ஆல்பர்ட்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒருவர் இறந்தது உறுதியாக வேண்டுமானால் டாக்டர் சொன்னால் போதாது, ஆல்பர்ட் சொல்ல வேண்டும். ஆட்டோவின் தலைமேல் இரண்டு ஒலிபெருக்கிகளைக் கட்டிக்கொண்டு காவாந்தண்டலத்திலிருந்து மாகறல் வரை ஊர் ஊராகப் போய், வீட்டுக்கு ஏற்றபடி "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றோ "இயற்கை எய்தினார்" என்றோ அறிவிப்பது அவர் தொழில். இத்தனை வருடத்தில் அவர் அறிவித்த பிணம் ஒன்றுகூட எழுந்து வந்து அவரைப் பொய்யராக்கியதில்லை. இப்பேர்ப்பட்ட நாணயம் இந்த மாவட்டத்தில் வேறெந்தத் துறைக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

சாவு விழாத நாட்களில் புடவைத் தள்ளுபடி, கூழ் ஊற்றும் திருவிழா, காணாமல் போன மாடு. எல்லாவற்றுக்கும் ஒரே குரல், ஒரே இழுப்பு.

"சாவுக்கும் சேலுக்கும் ஒரே மாரி இழுக்கிறியே, கேக்கறவன் அழுவறதா, பையை எடுத்துக்கினு ஓடறதான்னு தெரியாம நிக்கிறான்" என்பாள் அவர் மனைவி ஷீபா. கலைஞனின் வீட்டில் கலைக்கு மதிப்பில்லை என்று ஆல்பர்ட் அதைப் பொறுத்துக்கொள்வார்.

அப்படியிருக்கையில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு அழகு மருத்துவ கிளினிக் வந்தது. வாசலில் ஆளுயர பேனர். அதில் ஒரு பெண்ணின் பாதி முகம் கறுப்பு, மீதி முகம் சுண்ணாம்பு. கீழே "ஏழே நாளில்", "நிரந்தரத் தீர்வு", "100% உத்தரவாதம்" என்று மூன்று சத்தியங்கள். சில மாதங்களில் அரசாங்க நோட்டீஸ் வந்தது. வைத்தியத்துக்கு உத்தரவாதம் தந்து விளம்பரம் செய்யக் கூடாது, வைத்தியத்துக்கு முன், பின் என்று முகப்படம் போடக் கூடாது என்றது. மறுநாளே பேனர் இறங்கியது. "தோல் மருத்துவ ஆலோசனை" என்று மட்டும் ஒரு சின்ன போர்டு, கோயில் உண்டியலில் எழுதியதுபோல் அடக்கமாக நின்றது. சட்டத்துக்கு இவ்வளவு பணிவாக நடந்துகொண்ட ஸ்தாபனத்தை உத்திரமேரூர் அதற்கு முன் கண்டதில்லை.

அன்று சாயங்காலமே கிளினிக் மேனேஜர் புருஷோத்தமன் ஆல்பர்ட்டைத் தேடி வந்தான்.

"இன்னா பேசணும்னு சொல்லு, பென் டிரைவ்ல பதிஞ்சு குடுத்துடறேன். ஆட்டோ பாட்டுக்குப் பாடிக்கினு போவும்" என்றார் ஆல்பர்ட்.

"பென் டிரைவா? அய்யோ, வேணாணா. மிஷின்ல உயிர் கீதா? உன் குரலு நேரா ஜனங்க காதுல வுழணும். நான் சொல்றத மனசுல வாங்கிக்கினு நீயே வாயால சொல்லு."

ஆல்பர்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடையில் அன்றைக்கு அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது: "புடவைக் கடைக்காரன், நகைக் கடைக்காரன் எல்லாம் பதிஞ்சு குடு, பதிஞ்சு குடுன்னு சாவடிக்கிறான். இவன் ஒருத்தன்தான்யா தொண்டையோட அருமை தெரிஞ்சவன்."

மறுநாள் வயல்வெளி அதிர்ந்தது. "தாய்மார்களே! வெயிலில் நாற்று நட்டு, களை பறித்து, கன்னத்தில் மங்கு படர்ந்து கலங்கி நிற்கும் சகோதரிகளே! ஏழே நாளில், முழு உத்தரவாதத்துடன், மங்கு மறையும்! முகம் மலரும்!" பேனரிலிருந்து இறங்கிய மூன்று சத்தியங்களில் இரண்டு ஆட்டோவில் ஏறி ஊர் சுற்றின.

ஆல்பர்ட் தெருவிலேயே இருந்தவள் செவ்வந்தி. நடவுக்கும் களைக்கும் போகிறவள். இரண்டு கன்னத்திலும் மங்கு, காய்ந்த இலை ஒட்டினாற்போல் பழுப்பாக. தெருக்குழாயடியில் ஆட்டோவை நிறுத்திக் கேட்டாள்.

"நெசமாவே போயிடுமாணா?"

"மைக்குல சொல்றேனேம்மா. பொய்யா சொல்வேன்?"

அது போகுமா போகாதா என்று ஆல்பர்ட் யாரையும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. பிணத்தைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

செவ்வந்தி போனாள். கிளினிக்கில் எதையோ தடவினார்கள். எரிந்தது, எரிந்தால்தான் வேலை செய்கிறது என்றார்கள். தோல் உரிந்தது, உரிந்தால்தான் புதுசு வரும் என்றார்கள். வந்த புதுசு கரிக்கட்டை நிறத்தில் வந்தது. மங்கு இருந்த இடம் மட்டுமல்ல, இல்லாத இடமும் தீய்ந்தது. போய்க் கேட்டதற்கு புருஷோத்தமன் வாசல் போர்டைக் காட்டினான். "உத்தரவாதம்னு எங்கனா போட்டுக்கீதா, படிச்சிப் பாரு."

அதன் பிறகு அவள் முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டுதான் வயலுக்குப் போனாள். ஆல்பர்ட் ஆட்டோவை வேறு தெரு வழியாக எடுக்கத் தொடங்கினார். ரோடு சரியில்லை என்று ஷீபாவிடம் காரணம் சொன்னார்.

செவ்வந்தி காஞ்சிபுரத்துச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு அவளையும் புருஷோத்தமனையும் ஆல்பர்ட்டையும் கூப்பிட்டார்கள். தடையை மீறி உத்தரவாதம் கொடுத்திருந்தால் கிளினிக்கை மூடலாம், அவள் முகத்துக்கான வைத்தியத்தையும் அவர்கள் தலையில் கட்டலாம். கொடுக்கவில்லை என்றால், வைத்தியத்தில் சில சமயம் இப்படியும் ஆகும் என்று கோப்பை மூடிவிடலாம். எல்லாம் ஆட்டோவில் என்ன சொல்லப்பட்டது என்பதில் இருந்தது.

வராந்தாவில் புருஷோத்தமன் ஆல்பர்ட்டின் தோளில் கை போட்டான்.

"பேஜாராவாதணா. ஆலோசனைக்கு வாங்கன்னு மட்டும்தான் கூவினேன்னு சொல்லிடு. ஆதாரம் ஏது? அதுக்குத்தானே பென் டிரைவே வேணான்னேன்."

ஆல்பர்ட் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுக்கவும் மறந்து நின்றார். தொண்டையின் அருமை தெரிந்த ஒரே மனிதன், அது தடயம் வைக்காது என்பதைத்தான் தெரிந்துவைத்திருந்தான். டீக்கடையில் தான் பேசிய பேச்செல்லாம் அவர் காதுக்கே திரும்ப வந்தது, ஒலிபெருக்கியில் வருவதுபோல்.

உள்ளே அதிகாரி அம்மாள் கேட்டார். "மைக்கில என்ன சொன்னீங்க?"

"வந்துங்க மேடம்... தோலு... ஆலோசனை..." வட்டாரத்தையே எழுப்பிய குரல் மேசையின் மறுபக்கம் போய்ச் சேரவில்லை.

துண்டுக்குள்ளிருந்து செவ்வந்தி பேசினாள். "எங்கம்மா செத்தப்ப ஊரு ஊரா போயி சொன்னியேணா. நாலு ஊரு சனம் வந்து தூக்கிச்சு. அந்தக் குரல்ல சொல்லு. அந்தக் குரலக் கேட்டுத்தான் நான் போனேன்."

ஆல்பர்ட் எழுந்து நின்றார். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு அறிவிக்க வராது. கண்ணை மூடிக்கொண்டார். "தாய்மார்களே!" என்று ஆரம்பித்ததும் பக்கத்து அறையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. நாற்று நட்டு, களை பறித்து, மங்கு படர்ந்து, ஏழே நாள், முழு உத்தரவாதம், எதையும் விடவில்லை. இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தார். எத்தனை முறை சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "தெனமும்ங்க. பெட்ரோல் இருக்கிற வரைக்கும்" என்றார். புருஷோத்தமன் ஜன்னலில் ஏதோ பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிகாரி ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, கன்னத்தில் லேசாக மங்கு படர்ந்த டைப்பிஸ்ட் அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அது எந்த ஊர் கிளினிக்குங்க? நெஜமாவே போயிடுமா?"

செவ்வந்தி துண்டை அவிழ்த்து அவள் பக்கம் திரும்பினாள். டைப்பிஸ்ட் அம்மாள் தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். அந்த முகத்தை ஆல்பர்ட்டும் அன்றுதான் முழுதாகப் பார்த்தார்.

"போவாதும்மா" என்றார், தரையைப் பார்த்து.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "காதுல விழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."

ஆல்பர்ட் வாயைத் திறந்தார். அதைச் சத்தமாகச் சொல்ல அவருக்குத் தொண்டை வரவில்லை.