டாக்டர் வசந்தாவும் எங்களோடு பயந்தார்

முதல் ஷிப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது, குறைமாதக் குழந்தைகளின் பெற்றோருக்கான நம் குழுவில் அந்தச் செய்தி கிடந்தது. நம் பிள்ளைகளைப் பார்த்துவந்த டாக்டர் வசந்தா அன்று காலையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். ஒரகடம் தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகைக்கு முன்னால் பயம்தான் வந்தது. பள்ளியில் சேர்க்கும் முன் என் மகள் கயலை ஒருமுறை முழுதாகச் சோதிக்க வேண்டும் என்றிருந்தார். இனி யார் பார்ப்பார்கள்? உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கயல் ஏழாம் மாதத்தில் பிறந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த அவள் தலையில் சின்னத் தகடுகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்தார்கள். திரையில் கோடுகள் துள்ளின. பிறகு சட்டென்று படுத்துவிட்டன. உயிர் போய்விட்டது என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் என் தோளைத் தொட்டார். "இவ்ளோ சீக்கிரம் பொறந்த புள்ளைங்களுக்கு அலை வுட்டு வுட்டுத்தாம்மா வரும். தோ, திரும்ப வருது பாரு." வந்தது.

ஆனால் சில வாரங்கள் கழித்து எடுத்த பதிவிலும், வளர வளரக் குறைய வேண்டிய அந்த இடைவெளிகள் குறையவில்லை. அதை அவர் மறைக்கவில்லை.

"எம்புள்ள நடப்பாளா, பேசுவாளா? அத மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

"தெரியல. இந்தக் கோட்ட வச்சி அத சொல்ல முடியாது. விடாம கவனிக்கணும்னு மட்டும்தான் இது சொல்லுது. எனக்கும் பயமாத்தான் இருக்கு. மாசாமாசம் தூக்கிக்கினு வா, சேர்ந்தே பார்ப்போம்."

தைரியம்கூடச் சொல்லத் தெரியாத டாக்டர் என்று பிள்ளைப்பாக்கத்து வாடகை அறைக்கு வந்து கணவரிடம் பொருமினேன்.

அப்படி மாதாமாதம் போனதால்தான், கயல் கிலுகிலுப்பையை வலது கையால் மட்டுமே எட்டிப் பிடிப்பதை அவர் கண்டார். எங்களுக்கு அது சமர்த்தாகத் தெரிந்தது. அவர் முகம் மாறியது. மூடியே இருந்த இடது கையை மெல்லப் பிரித்துப் பார்த்தார். மறுநாளே இடது கைக்கும் காலுக்கும் பயிற்சி தொடங்கியது. கயல் பிந்தித்தான் நடந்தாள். இன்றும் இடது காலை லேசாக இழுப்பாள். பேச்சும் தாமதம்தான். முதன்முதலாக "தண்ணி" என்றதும் டாக்டருக்குப் போன் செய்தேன். "இன்னொருவாட்டி சொல்லச் சொல்லேன்" என்றார். கயல் சொல்லவில்லை. அவர் சிரித்தார்.

எழுத்துகள் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்த வாரம் புதிய டாக்டரிடம் போகிறோம். எனக்குப் பயம் போகவில்லை.

எந்தக் குழந்தை வந்தாலும் வசந்தா டாக்டர் ஃபைலைத் திறக்கும் முன் தரையில் உட்கார்ந்து, பேசாமல் அதன் விளையாட்டைப் பார்ப்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். இன்று மாலையும் கயலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கிண்ணங்களை அடுக்கினாள். சரிந்தன. மறுபடி அடுக்கினாள். உதவ நீண்ட என் கையை மடக்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருந்தேன்.