நிலம் ஆடியபோது அம்மா ஒளிந்த இடம்

கோத்தகிரிப் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில், எங்கள் வீட்டைப்போலப் பூகம்பத்துக்குத் தயாராக இருந்த வீடு வேறு கிடையாது. அந்தப் பெருமை என்னைச் சேரும். வடக்கே எங்கோ பூமி ஆடி ஊர்கள் தரைமட்டமானதை டிவியில் காட்டிய வாரம், எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் அப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நான் அப்போதே சரியான முந்திரிக்கொட்டை. அன்று சாயங்காலமே வீட்டில் டீச்சராகிவிட்டேன்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ஃபேக்டரி ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பாதியைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார்கள். அப்பாவும் அங்கே ஒரு பனியன் கம்பெனியில்தான் இருந்தார். வீட்டில் அம்மா, நான், இன்னும் நடை பழகாத தம்பி. ஆக, வீட்டுக்குப் பெரிய மனுஷி நான்தான் என்பது என் எண்ணம்.

பலகைமேல் இருந்த அண்டாவைத் தரைக்கு இறக்கவைத்தேன். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடச் சொன்னேன். ஆணியில் தொங்கிய முருகனைக்கூட விடவில்லை. அவர் கீழே வந்து அரிசி டின்னில் சாய்ந்து உட்கார்ந்தார். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை வேண்டும் என்றபோது, அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை இழுத்து வைத்தாள். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய தீப்பெட்டி, உப்பு, ரேஷன் கார்டு, எல்லாம் அதில் இருந்தன. டீச்சர் சொல்லும் முன்பே இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“சிலோன்ல இருந்தே பழக்கம்” என்றாள். சின்ன வயதில் அங்கிருந்து வந்தவள் அவள். அந்த ஊரைப் பற்றி அதற்குமேல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

ஒரே ஒரு பாடம் மட்டும் அவளுக்கு ஏறவில்லை. வெளியே ஓடிவந்து, காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் மைதானத்தில் நின்று, அவரவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். இடிபாட்டில் யாரும் சிக்கவில்லை என்று அப்போதுதான் தெரியும். ஒத்திகையின்போது அம்மா வாசலோடு நின்றுவிடுவாள், வாயே திறக்க மாட்டாள். நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நிஜமாகவே ஆடியது. பாத்திரங்கள் கிடுகிடுத்தன, கூரைத் தகரத்திலிருந்து தூசி கொட்டியது, கண் மூடித் திறப்பதற்குள் நின்றும்விட்டது. பயத்தைவிட எனக்குப் பரீட்சை வந்துவிட்ட சந்தோஷம்தான் அதிகம். ஸ்டவ்வை அணைத்துவிட்டு மைதானத்தைப் பார்த்து ஓடினேன். அம்மா தம்பியை இடுப்பில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து நேர் எதிர்ப்பக்கம் இழுத்தாள். வீட்டுக்குப் பின்னால் இருந்த தேயிலைக்குள் நுழைந்தாள்.

பறிக்க ஆளில்லாமல் செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. அவற்றின் அடியில் எங்களைப் படுக்கவைத்து, சத்தம் போடாதே என்று காதில் சொல்லி, என் வாயைப் பொத்தினாள். மைதானத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. பதில் சொல்லத் துடித்தேன். அம்மாவின் கை இறுகியது.

அப்போது தம்பி அழ ஆரம்பித்தான். அம்மா சட்டென்று என் வாயிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாதவளைப்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரக்கூடாது என்றுதானே சொன்னாள் என்று, நான் எட்டித் தம்பியின் வாயைப் பொத்தினேன்.

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. அதற்கு முன்பும் பின்பும் அம்மா என்னை அடித்ததே இல்லை. தம்பியைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “அழு சாமி. நல்லா சத்தமா அழு” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எங்களைக் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “ஏனுங்க, ஆடுனது பூமிதானுங்களே, அதுக்குப் போயி ஒளிஞ்சுக்கறீங்களே” என்று கேட்டார். எனக்கு மானம் போய்விட்டது.

எனக்குக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள், அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அப்பாதான் சொன்னார். சிலோனில் கலவரத்தின்போது லயத்துக்குத் தீ வைத்த அன்று, அம்மாவுக்கு அன்றைய என் வயதுதான். கைக்குழந்தையாக இருந்த அவள் தம்பியை அவளிடம் கொடுத்து, ஏழெட்டுப் பேர் தேயிலைக்குள் படுத்திருக்கிறார்கள். கத்தியோடு ஆட்கள் பக்கத்துப் பாதையில் நடந்துபோன நேரம் குழந்தை அழுதிருக்கிறது. அவள்தான் வாயைப் பொத்தினாள். மற்ற எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அன்று தெரிந்ததெல்லாம் வலித்த கன்னம்தான். மகன் என்றால் செல்லம், மகள் என்றால் அடி என்று முடிவு கட்டி, சாப்பிடாமல் மூலையில் படுத்துக்கொண்டேன். அம்மா சமாதானப்படுத்த வரவில்லை. தம்பியை மடியில் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவன் அசந்து தூங்கும்போதெல்லாம் அவன் மூக்கருகே விரலைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். சளி பிடித்திருக்கிறதா என்று பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.