பூசணிப் பிஞ்சும் என் சுட்டுவிரலும்

எங்கள் அத்தை சாமியிடம் வேண்டிக்கொள்ள மாட்டாள், உத்தரவு போடுவாள். பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சிமெண்டுச் சாக்குகளில் மண் நிரப்பிப் பூசணிக்கொடி விட்டிருந்தாள். காலையில் தண்ணீர் ஊற்றும்போதே வானத்தைப் பார்த்துப் பேச்சு தொடங்கிவிடும்.

"இந்தா பாரு, பெய்யிறதா இருந்தா ராத்திரி பெய்யி. விடிஞ்சா நான் துணி காயப் போடணும். வெயிலு பத்து மணி வரைக்கும் போதும், அதுக்கு மேல அடிச்சா மரியாத கெட்டுப்போகும். எலையத் திங்கிற வண்டெல்லாம் எதுத்த வீட்டு ரோசாவுக்குப் போயிருங்க. திருப்பரங்குன்றத்துக் கொரங்கெல்லாம் அங்கனயே இருங்க, இங்க ஒரு விசேசமும் இல்ல."

மதுரை வெயில் யார் பேச்சைக் கேட்டிருக்கிறது? இலைகளை வண்டு சல்லடையாக்கியது. ஆனாலும் மறுநாள் அத்தை ஓர் உத்தரவைக்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டாள்.

அத்தை அப்பாவின் தங்கை. புகுந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். எட்டு வயதில் நானும் நம்பிவிட்டேன். சாக்குத் தண்ணீரால் தளம் ஒழுகுகிறது என்று பெரியப்பா முணுமுணுப்பார். பெரியம்மாவுக்கோ அவள் கைராசியே ஆகாது. "அவ கை வச்சது எது வெளங்குச்சு?" என்பாள். தைப்பொங்கலுக்குள் ஒரு காயாவது வராவிட்டால் சாக்குகளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்று பெரியப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். "காய் வரும்ண்ணே. நீங்களும் திம்பீங்க" என்றாள் அத்தை.

கார்த்திகையில் முதல் பிஞ்சு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து, இதுதான் என்று சுட்டுவிரலை நீட்டிவிட்டேன். பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிப்போகும் என்பது எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சட்டென்று விரலை மடக்கி, பரிகாரமாகக் கடித்தும்கொண்டேன். மூன்றாம் நாள் பிஞ்சு அழுகி விழுந்தது. அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று பெரியம்மா வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். வானத்தையே அதட்டுகிற அத்தை கையிலிருந்த பிஞ்சையே குனிந்து பார்த்தாள். எனக்குத் தாங்கவில்லை. "அத்த இல்ல, நான்தான் வெரல நீட்டுனேன்" என்று ஓவென்று அழுதேன்.

அத்தை அந்தப் பிஞ்சைப் பிளந்தாள். உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. "ஈ குத்தியிருக்கு. ஒன் வெரலு என்னத்தடி செய்யும்?" என்றவள் என்னைத் தரதரவென்று மாடிக்கு இழுத்துப்போனாள். பெரியம்மா பின்னாலேயே ஓடிவந்தாள். கொடியில் இன்னும் மூன்று பிஞ்சுகள் இருந்தன. என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றையும் சுட்டிக்காட்ட வைத்தாள் அத்தை. பிறகு தன் பத்து விரல்களையும் நீட்டினாள்.

"அடியே, ஆகாதுடி!" என்று பதறினாள் பெரியம்மா.

"என்ன ஆகுதுன்னு பாத்துருவோம் மதினி. பிஞ்சு விழுந்தா எவ குத்தமும் இல்ல, எவ கையும் இல்ல. இனிமே எவளும் என்கிட்ட அதச் சொல்லக் கூடாது."

ஈ அண்டாமல் மூன்றுக்கும் பழைய துணியில் பை தைத்துக் கட்டினாள். ஒன்று போனது, இரண்டு காய்த்தன. பொங்கலன்று பெரியப்பா பூசணிக் கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாக்குகளைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

எனக்காகத்தான் அத்தை அப்படிச் சண்டை போட்டாள் என்று வெகுகாலம் பெருமையாக நினைத்திருந்தேன். புகுந்த வீட்டில் அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்ததும், அவள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டேன் என்று மாமியார் சொன்னதும் என் கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தன.

பிஞ்சுகளைச் சுட்டிக்காட்டிய அன்று, பெரியம்மா கீழே இறங்கியதும் அத்தை சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஒரு பூசணிக்காய்க்கா அத்த இம்புட்டு அழுக?" என்று கேட்டேன்.

"ஆமாடி" என்றாள்.