வாய் திறக்காத கைடு

கோட்டையைச் சுற்றிக் காட்டும் கைடுகளில் குரலுக்குப் பேர்போனவள் அவள். ஒரு பஸ் கூட்டத்தை மைக் இல்லாமலே அடக்கிவிடுவாள். சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயரே லவுட்ஸ்பீக்கர். அந்தத் தொண்டைதான் போன வாரம் மக்கர் செய்தது. குரல்நாணில் கட்டி என்றார் டாக்டர். அடுத்த தடவை வரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பது அதைவிட மோசம், வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்றார். அவளும் கட்டிக்கொண்டாள். குரல் இல்லாத கைடை யார் கூப்பிடுவார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தானா நாத்தனாரும் அவள் வீட்டுக்காரரும் ஊர் சுற்றிப் பார்க்க வந்து இறங்க வேண்டும்! வீட்டிலேயே கைடு இருக்க வெளியில் ஆள் பிடிப்பார்களா என்ன? தொண்டை சரியில்லை என்று கணவர் எடுத்துச் சொல்லியும் நாத்தனார் நம்புகிறமாதிரி தெரியவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்த மனிதர், நானே காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார். கல்யாணமான நாளாகக் கோட்டை வாசல்வரை வந்து இவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதுதான் அவருக்கும் சரித்திரத்துக்கும் உள்ள உறவு. தப்பாகச் சொன்னால் கிள்ளு, திருத்திக்கொள்கிறேன் என்று இவளிடம் ஒப்பந்தம் வேறு.

உள்ளே போனதும் மனிதர் அளக்க ஆரம்பித்தார். தானியக் கிடங்கைப் பாதாளச் சிறை என்றார். கிள்ளினாள். குதிரைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டியை ராணி குளித்த தொட்டி என்றார். அழுத்திக் கிள்ளினாள். அவரோ அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ராணி என்ன சோப்பு போட்டாள் என்று சொல்லாத குறையாக நீட்டி முழக்கினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

கடைசியில் நான்கு மூலை மண்டபம். ஒரு மூலையில் சுவரோடு சுவராக நின்று மெல்லப் பேசினால், குறுக்கே எதிர்மூலையில் காது வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. அவள் தினமும் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்கும் இடம் அது. கணவர் அதையும் கெடுத்தார். அக்காவோடு ஒரு மூலையில் நின்றுகொண்டு, அத்தானைப் பக்கத்து மூலைக்கு அனுப்பினார். அத்தானுக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. புதுசாகச் சுண்ணாம்பு பூசிச் சுவரையே கெடுத்துவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கணவர். அத்தான் அலுத்துப்போய் வெளியே போனார்.

இதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுவர் மேலா பழி? சரியான மூலைக்கு விறுவிறுவென்று போய்க் காதை வைத்தாள், அங்கிருந்தே கையை ஆட்டிக் கூப்பிடலாம் என்று. அவர்கள் இருவரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். முதலில் கேட்டது நாத்தனாரின் குரல்.

“என்னடா, உன் பொண்டாட்டி வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

“மெதுவா பேசுக்கா. அவளுக்கு இன்னும் தெரியாது. ஆபரேஷன் பண்ணணுமாம். பண்ணினாலும் பழைய குரல் வராதுன்னு டாக்டர் என்கிட்ட தனியா சொன்னார். இதை எப்படி அவகிட்ட சொல்றதுன்னு தெரியாமத்தான் காலையிலேருந்து வாய்க்கு வந்ததை உளறிக்கிட்டிருக்கேன்.”

சுவர் ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. சொந்தத் தொண்டையின் சேதி ஊரில் கடைசியாகத் தனக்கா? நேராக மண்டபத்தைக் கடந்து போய், அன்றைக்கெல்லாம் கிள்ளாத கிள்ளு ஒன்று கிள்ளினாள்.

“இப்ப என்ன தப்பா சொன்னேன்?” என்று கையைத் தேய்த்துக்கொண்டார் அவர்.

அவள் தான் நின்ற மூலையைக் காட்டினாள். பிறகு தன் காதைக் காட்டினாள். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

இப்போது பேசுங்களேன், எதையாவது உளறுங்களேன் என்று கத்தவேண்டும் போலிருந்தது அவளுக்கு. அவர் வாயே திறக்கவில்லை.