பீச்சாங்கைப் படங்கள்

அன்று திரைக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர் இருந்தோம். சுண்ணாம்புக் குழியில் தோல் அலசும் என் மாமா, தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் என் அத்தை, பள்ளியிறுதி வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான். திரைக்கு முன்னால் பெஞ்சில் எங்கள் தோல் கிடங்கு மேஸ்திரி இருந்தார். திரையோரம் கையில் பிரம்புடன் கொட்டகை முதலாளி நின்றிருந்தார். இல்லாதவர் என் அப்பா. ஆம்பூருக்குச் சினிமாக் கொட்டகை வந்த நாள்முதல் ஒரு படம் விடாமல் பார்த்த மனிதர், சில வாரங்களாக அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அவரை வரவிடாமல் செய்தவர்கள் மேலே சொன்ன மேஸ்திரியும் முதலாளியும். அந்த இரண்டு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாது. யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள், நிறுத்தி நிதானமாக.

ஊமைப்படக் காலத்துக் கொட்டகையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாரத்தின் நடுவே ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார்கள். முன்பக்கம் நாற்காலி, பெஞ்சு, தரை. பின்பக்கம் வெறும் மண். துணி ஈரமாக இருந்தால் படம் பின்பக்கமும் தெரியும். அந்த ஈரத்தையும் பின்பக்கத்து ஆட்களே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அடித்துக்கொள்ள வேண்டும். தோல் கிடங்கு ஆட்கள் முழுக் காசு கொடுத்தாலும் முன்பக்கம் டிக்கெட் கிடையாது. "நாத்தம் தாங்காதுய்யா, நாலு பெரிய மனுஷன் வர்ற எடம்" என்பார் முதலாளி. அந்தப் பெரிய மனுஷர்கள் பாதிப்பேர் தோல் வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள். தோலை விற்ற கை நாற்காலியில் இருக்கலாம், தோலை அலசிய கை மண்ணில் இருக்கவேண்டும் என்ற சட்டத்தை அவர் எந்தக் கலெக்டர் ஆபீசில் எழுதி வாங்கினாரோ தெரியாது.

நான் சினிமா ரசிகன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பார்த்தவனில்லை. பார்த்தவற்றைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு, அவ்வளவுதான். அவை பின்பக்கத்து அபிப்பிராயங்கள்.

வெள்ளைக்காரக் குதிரைப் படங்கள் எனக்குப் பிடிக்காது. கதாநாயகன் குதிரையைத் தவிர வேறு யாரையும் மதிப்பதில்லை. நியாயமாகப் பார்த்தால் அவன் மதிப்பதுதான் சரி, அந்தப் படங்களில் நன்றாக நடிப்பது குதிரை மட்டும்தான். சிரிப்புப் படம் ஒன்றில் ஒரு தடியன் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்து, முகமெல்லாம் வெள்ளையாக எழுந்து பல்லைக் காட்டினான். முன்பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது. பின்பக்கம் ஒரு சத்தமில்லை. என் மாமா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பு தின்ற விரல்கள் அவை, நகமே கிடையாது. "கண்ணு ரெண்டும் பூட்டுருக்கும்டா அவனுக்கு. இன்னாத்துக்குச் சிரிக்கிறானுங்க?" என்றார். அந்தப் படத்தை எடுத்தவன் யாராக இருந்தாலும், அவனை எங்கள் கிடங்குக்கு ஒரு நாள் அனுப்பிவைக்கட்டும். மறுநாள் அவன் எடுக்கும் படம் எப்படியிருக்கிறது என்று பார்க்கலாம். மகாராஜா ஊர்வலப் படங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. யானைகளுக்கு வேலை ஜாஸ்தி, சம்பளம் கிடையாது என்பது தெரிந்தது.

அப்பாவுக்குப் பிடித்தவை சாமி படங்கள். மலை அட்டையில் செய்தது என்பது ஆடும்போதே தெரியும். கிரீடம் ஒருபக்கம் சரிந்து கிடக்கும். அப்பா அதையெல்லாம் பார்க்கமாட்டார். கைகூப்பிக்கொண்டே பார்ப்பார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதை ஒரு மத்தியானம் கஞ்சி வேளையில் கிடங்கில் எல்லோருக்கும் நடுவே கேட்டுவிட்டார்.

"ஏம்பா, சினிமால பெருமாளு இடது கையாலதான் ஆசீர்வாதம் பண்றாரு. தாலிகூட இடது கையாலதான் கட்றாங்க. அது இன்னா சாஸ்திரம்?"

பின்பக்கத்து ஆட்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். எல்லோரும் கண்ணால் பார்த்தது அது. வெள்ளைக்காரன் இடது கையால் சுடுகிறான், ராஜா இடது கையால் வாள் எடுக்கிறார், சினிமாவுக்கு என்று ஒரு முறை இருக்கும்போலிருக்கிறது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். துணியின் மறுபக்கத்தை ஒருநாளும் பார்க்காதவனுக்கு வேறு என்ன தோன்றும்?

பெஞ்சு டிக்கெட்டில் படம் பார்க்கும் மேஸ்திரிக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. விளக்கிச் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் சொல்லவில்லை. "இன்னாது, பீச்சாங்கையாலயா? சத்தியமா பாத்தியா? சத்தியம் பண்ணு!" என்றார். அப்பா பட்டைத் தொட்டியின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தார். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று சாயங்காலமே அப்பாவின் பெயர் போய்விட்டது. "டேய் பீச்சாங்கை, அந்தத் தோலத் தூக்கு." "பீச்சாங்கை வந்துட்டானா?" ஒரே வாரத்தில் கிடங்கில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மளிகைக்கடையில் கணக்கே அந்தப் பெயரில்தான் எழுதினார்கள். அப்பாவின் சொந்தப் பெயர் என் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் மட்டும் இருந்தது.

நான்தான் அவருக்கு விளக்கினேன். என் பாடப்புத்தகத் தாள் ஒன்றை விளக்குக்கு எதிரே பிடித்து, பின்பக்கத்திலிருந்து எழுத்தைப் பார்க்கச் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகத் தெரியும், திரையிலும் அதுதான் கதை என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"அப்போ இத்தினி நாளா காச வாங்கிக்கினு நமக்கு முதுகுப் பக்கத்தையா காட்னான்?"

அதன் பிறகும் ஒரு தடவை போனார். அந்த ஒரு தடவைதான் எல்லாவற்றையும் முடித்தது. மேஸ்திரி சொல்லி விஷயம் முதலாளியின் காதுக்கு எட்டியிருந்தது. படத்தில் யாரோ சாப்பிட உட்கார்ந்தார்கள். முதலாளி பிரம்பால் திரையைத் தட்டி, "பின்னாடி இருக்குற பீச்சாங்கைக்காரரே! இப்ப இவன் எந்தக் கையால சாப்புடறான், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!" என்றார். கொட்டகையே அதிர்ந்தது. அப்பா எழுந்து, வேட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, படம் முடியுமுன் வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் சினிமா என்ற சொல்லையே எடுக்கவில்லை. மூன்று வேளைச் சோற்றுக்கு அடுத்தபடியாக அவருக்கு இருந்த ஒரே ஆசை அது. அவருடைய பெயரை அதே கொட்டகையில், அதே மேஸ்திரியின் வாயால் திரும்ப வாங்கிக் கொடுக்கவேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் இங்கிலீஷ். ஊமைப்படத்தில் பேச்சு எழுத்தாக வரும். ஐந்தாறு வரி இங்கிலீஷில் வந்து போகும். அதைப் படித்துத் தமிழில் சொல்வதுதான் முதலாளியின் வேலை. பின்பக்கத்தில் அந்த எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி, வலமிருந்து இடமாக ஓடும். ஆரம்பத்தில் திணறினேன், பிறகு பழகிவிட்டது. வீட்டில் நோட்டுப் புத்தகத்தைக் கண்ணாடியில் காட்டிப் படித்துப் பழகினேன். மசூதித் தெருவிலிருந்து வரும் என் தோஸ்த், "இன்னாடா, நீயும் உருது பக்கம் வந்துட்டியா?" என்று கேலி செய்தான். பழகப் பழக எனக்கு ஒன்று தெளிவானது. முதலாளிக்கு இங்கிலீஷ் தெரியவே தெரியாது. அவர் சொன்ன கதைக்கும் திரையில் இருந்த எழுத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'மறுநாள் காலை' என்று எழுத்து வந்தால், "அடே துரோகி, உன் குலத்தையே அழிக்கிறேன் பார்!" என்று முழங்குவார். நன்றாகத்தான் முழங்குவார், அதை மறுக்கமாட்டேன். இப்போது பேசும் படம் வந்து, சாகக் கிடக்கிறவன்கூட மூன்று பாட்டுப் பாடிவிட்டுச் சாகிறான். சகிக்கவில்லை. ஆனாலும் பேசும் படங்களை நான் ஒருபோதும் திட்டமாட்டேன். அந்தப் பிரம்புக்கு வேலை இல்லாமல் செய்தவை அவைதான். மனிதர் இப்போது எங்கோ சோடாக்கடை வைத்திருப்பதாகக் கேள்வி. சோடாவும் முழங்கும்.

அன்று ஓடியது வெள்ளைக்காரக் காதல் படம். அந்த மாதிரிப் படங்களில் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பது உண்டு. பெண்கள் இருக்கும் கொட்டகையில் அதை எப்படிச் சொல்வது? முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். கட்டிப்பிடிக்கிறவர்கள் எல்லோரையும் அண்ணன் தங்கை ஆக்கிவிடுவார். அன்றும் முதல் ரீலிலேயே, "பல நாள் பிரிஞ்சிருந்த அண்ணன் தங்கச்சி! பாசத்தப் பாருங்க!" என்றார். முன்பக்கத்துப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். இரண்டாவது ரீலில் பாசம் கொஞ்சம் ஜாஸ்தியானது. மூன்றாவது ரீலில் அவன் மண்டியிட்டு மோதிரம் கொடுத்தான். அடுத்தது மாதாகோவில், பாதிரியார், வெள்ளை முக்காடு. வேலூரைச் சுற்றியுள்ள எந்தப் பிள்ளைக்கும் அது என்னவென்று தெரியும்.

முன்பக்கம் ஒரு கிழவர் எழுந்தார். "அடப்பாவிங்களா, அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா கல்யாணம் பண்றானுங்க?"

முதலாளி தடுமாறினார். "இல்லீங்க, இது வந்து... தங்கச்சிக்கு ஞானஸ்நானம்..."

நான் காத்திருந்தது இதற்குத்தான். எழுத்து வந்தது. பின்பக்கத்திலிருந்து, துணியை ஒட்டி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். "அவங்க அண்ணன் தங்கச்சி இல்ல! 'உன்னைப் பார்த்த முதல் நாளே கேட்க நினைத்தேன்'னு எழுதியிருக்கு! முதல் ரீல்லயே அவன் பக்கத்து ஊர் வக்கீலுன்னு போட்டாச்சு!"

முன்பக்கத்தில் எல்லோரும் துணியை உற்றுப் பார்த்தார்கள். சத்தம் துணிக்குள்ளிருந்து வந்தது அல்லவா? எங்கள் ஊரின் முதல் பேசும் படம் என் தொண்டையில்தான் ஓடியது. அடுத்த எழுத்தையும் படித்தேன். அதற்கடுத்ததையும். முன்பக்கம் சிரிப்பு தொடங்கியது. இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

முதலாளி பிரம்போடு பின்பக்கம் ஓடிவந்தார். "எவன்டா அவன்? தோலு நாத்தம் புடிச்ச பயலுக்கு இங்கிலீஷ் கேக்குதா?"

அத்தை வாளியோடு குறுக்கே நின்றாள். "நாத்தத்துக்குப் படிக்கத் தெரியுதே, உனக்குத் தெரியலியே சாமி!"

முன்பக்கம் கேட்டுவிட்டது. "அந்தப் புள்ளய வுடுய்யா! முன்னாடி வந்து படிக்கச் சொல்லு! இல்லாட்டி டிக்கெட் காச குடு!" என்று கூச்சல். காசு என்றதும் பிரம்பு தாழ்ந்தது. "வந்து படிச்சித் தொல" என்றார். நான் நகரவில்லை. "எங்க நைனா முன்னாடி நாற்காலில வந்து உக்காந்தாதான் படிப்பேன்" என்றேன். மிஷினை நிறுத்தினார்கள். மாமா அப்பாவைக் கூட்டிவர ஓடினார்.

அப்பா வேலை வேட்டியோடு, இன்னதென்று தெரியாமல் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துணியின் முகத்தைப் பார்த்தார். படம் ஓடியது. எழுத்து வந்தது. நான் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கத்தினார்கள். பெஞ்சிலிருந்த மேஸ்திரி அப்பாவின் பக்கம் திரும்பி, "ஏய் பீச்சாங்கை, உன் புள்ளய படிக்கச் சொல்லேன்!" என்றார்.

"அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்க, மேஸ்திரி" என்றேன். "எங்க நைனாவ அவரு பேரச் சொல்லிக் கூப்புடுங்க. அதுவரிக்கும் நான் ஊமை."

எழுத்து போய்விட்டது. அடுத்த எழுத்தும் போய்விட்டது. மணப்பெண் அழுதாள், ஏன் என்று கொட்டகையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பின்னாலிருந்த ஒரு ஆள் மேஸ்திரியின் முதுகில் தட்டி, "சொல்லித் தொலைய்யா, பேஜாரா பூடுச்சி!" என்றார். முன்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேஸ்திரி என் அப்பாவின் பெயரைச் சொன்னார். முணுமுணுத்தார். "கேக்கல" என்றேன். உரக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொல்லவைத்தேன், அது என் சந்தோஷத்துக்காக. பிறகு படித்தேன், முடிவுவரை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிது. ஆம்பள சரியில்ல. மூஞ்ச மூஞ்சத் தூக்கிக்கினு" என்றார். நான் கேட்ட சினிமா அபிப்பிராயங்களில் இதைவிடச் சரியான ஒன்றை இன்றுவரை கேட்டதில்லை.

மறுநாள் காலை அப்பா, மாமா, அத்தை மூன்று பேரையும் மேஸ்திரி கிடங்கு வாசலிலேயே நிறுத்தினார். அப்பாவை அவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், அது வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு வாரத்துக்கு வேலை இல்லை என்றார். அதே நாள் கொட்டகையிலிருந்து ஒரு ஆள் வந்து, அப்பா உட்கார்ந்த நாற்காலிக்கு டிக்கெட் காசு கேட்டான். அப்பா பேரம் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். மூன்று பேரின் ஒரு வாரக் கூலியும் நாற்காலியும் சேர்த்து, அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு ஆறு ரூபாய் இரண்டணா.